சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் நான்கு வழிச் சாலையில், கிளியனூருக்குச் சற்று முன்னால் ஒரு பஸ் நிறுத்தம். நிழற்குடை உண்டு, அதன் நிழல் மட்டும் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விழுகிறது. என் சித்தி மகள் செல்வி ஒரு பிளாஸ்டிக் கவரில் மனுவும் தண்ணீர் பாட்டிலுமாக வெயிலில் நின்றாள். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. "என் பேரும் வேணாம், ஊரு பேரும் வேணாங்க" என்று அங்கே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெறப் போகிற மனிதர், போகட்டும்.

நான் அங்கே போனது மனு கொடுக்க இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவம். அவித்த மல்லாட்டையைத் தின்றுவிட்டு இரண்டு நாள் மல்லாந்து படுத்துவிட்டுத் தாம்பரம் திரும்பலாம் என்று போனவன். செல்வி விடவில்லை. "நாலு எழுத்து படிச்சவன்தானேண்ணா நீ. சும்மா குந்திக்கினு மல்லாட்டை உரிக்கிறதுக்குப் பதிலா எங்கூட வாயேன்" என்று கிளப்பிவிட்டாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, பிள்ளைகள் மதிய உணவுக்கு வெளியே போயிருந்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். இடிக்க வந்த வேகம் கட்ட வரவில்லை. ஊரில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் நிலம் வைத்திருக்கும் இந்துக் குடும்பங்கள். மாதா கோவில் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடக்கும் கூடத்தைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து ஐந்து வகுப்பும் அங்கேதான். இப்போது மாதா கோவிலையே புதிதாகக் கட்டப்போகிறார்கள். மே மாதம் கூடமும் இடிபடும். அதற்குள் கட்டடத்துக்கு ஆணை வராவிட்டால், சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் தினமும் நான்கு வழிச் சாலையைத் தாண்ட வேண்டும். செல்வியின் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு.

செல்விதான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பெற்றோர்கள் கூடிக் கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். குழுவில் பெரும்பாலும் அம்மாக்கள். தீர்மானம் போடலாம், மனு கொடுக்கலாம், அதிகாரிகள் வந்தால் டீ வாங்கிக் கொடுக்கலாம். ஒரு செங்கல் வாங்க அதிகாரம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு மானியம் வரும், அதுவும் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான். முப்பது பிள்ளைகள் என்றால் சின்ன மானியம். முப்பது பிள்ளைகள் படிக்கிற இடத்தில் மழை கம்மியாகவா பெய்யும்?

பஸ் வருவதற்குள் தலைமையாசிரியர் வண்டியில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "சார், ஸ்கூல் விவரம் போடுற போன் ஆப்புல ஒரு கேள்வி வருது. பாதுகாப்பான வகுப்பறை இருக்குதா? இல்லைன்னு போட்டா அன்னிக்கே பசங்கள அந்தப் பக்கம் அனுப்புன்னுவாங்க. அதனால சர்ச் ஹாலை மனசுல வச்சிக்கினு ஆமான்னு போட்டேன். ஆமான்னு போட்டதால கட்டடம் வேணாம்னு ஆயிடுச்சி" என்றார். ஊர் கௌரவமாகச் சமாளித்ததற்கு ஊருக்கே கிடைத்த தண்டனை அது. எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது.

எட்டு மணிக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "சார் மட்டும் துட்டு குடுங்க" என்றார் நடத்துநர். திண்டிவனம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் ஆங்கிலப் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் எங்களை முந்திக்கொண்டு போயின.

திண்டிவனத்தில் இரண்டு அலுவலகங்கள் ஏறினோம். எந்தெந்த அலுவலகம் என்று சொல்லத் தேவையில்லை, இந்தக் கூத்து ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒன்றியப் பள்ளி என்றால் ஆசிரியர் ஒரு துறை, கட்டடம் இன்னொரு துறை. முதல் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். "வாத்தியார் எங்க பொறுப்புங்க. பில்டிங் எங்களுது இல்ல. அங்க போயி கேளுங்க." அங்கே போனோம். "கல்வித் துறை முன்னுரிமை குறிச்சி அனுப்பினாத்தான் நாங்க கட்ட முடியும்மா. கம்ப்யூட்டர்ல பாத்தா உங்க ஸ்கூலுக்கு வகுப்பறை இருக்குன்னு வருது" என்றார் அங்கிருந்தவர்.

"அது மாதா கோவில் கூடம் சார்! இடிக்கப் போறாங்க!" என்று நான் மேசையைத் தட்டிவிட்டேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி என் முழங்கையைக் கிள்ளி வெளியே இழுத்து வந்தாள்.

"கத்தாதண்ணா. நீ நாளைக்கி ஊருக்குப் போயிடுவ. திரும்ப இங்க வந்து நிக்கப் போறது நானு."

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. பள்ளிக்குத் தாயும் தகப்பனும் வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளை தெருவில் நிற்கிறது. இரண்டு வீட்டிலும் ஆட்கள் நல்லவர்கள்தான், அதுதான் எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

பதினொரு மணிக்கு விழுப்புரம் பஸ் ஏறினோம். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கும் மருமகளைப் பார்க்கப் போகும் ஓர் அம்மாள். தூக்குவாளியில் கஞ்சி. செல்வி எதற்குப் போகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க ஊருலயும் இப்டித்தான் சேத்துட்டாங்கம்மா. மொதல்ல ஒரு ஆட்டோ வச்சி அனுப்பினோம். ஆட்டோக்காரன் நின்னுட்டான். இப்ப காசு கீறவன் புள்ள வேன்ல போவுது. இல்லாதவன் புள்ள நாலு நாளு போவுது, நாலு நாளு ஆடு ஓட்டிக்கினு போவுது. பேஜாரா பூடுச்சி."

முண்டியம்பாக்கத்தில் அந்த அம்மாள் இறங்கும்போது, "உடாதம்மா" என்று செல்வியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தைப் பற்றிப் படித்தவர்கள் ஒரு பேச்சு வைத்திருப்பார்கள். இங்கே பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, தேர்வு முடிவு வந்தால் மாவட்டத்தின் பெயரைக் கீழிருந்து தேட வேண்டும் என்று. முந்தின நாள் சாயங்காலம் யாழினி எனக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள், தடுமாறாமல். "மாமா மாதிரி ஒருத்தரு அரசாங்கத்த திட்டியிருக்காரு" என்று விமர்சனமும் செய்தாள். குரல் எதிரொலிக்கும் ஒரு கூடத்தில், இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். படிப்பு ஏறாத இடம் எது என்று, காலையில் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

விழுப்புரம் ஆட்சியர் வளாகத்தில் திங்கட்கிழமை மனு நாள். சக்கர நாற்காலிகள், கைக்குழந்தைகள், மர நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள். செல்வி தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வரிசை நகர்ந்து எங்கள் முறை வர மதியம் ஆகிவிட்டது. மேசையில் இருந்த அம்மையார் மனுவை முழுதும் படித்தார். "நியாயமான கோரிக்கைம்மா. சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு அனுப்பறோம்" என்றார். செல்வியின் கைபேசியில் உடனே மனு எண் வந்தது. அவள் முகத்தில் அன்றைக்கு அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பிட்டோம். ரசத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்றால் காலையில் நாங்கள் பார்த்துவிட்டு வந்த ஆபீஸ்தானே?

சாயங்காலம், திரும்பும் பஸ் திண்டிவனத்தைத் தொடுவதற்குள் தலைமையாசிரியரின் அழைப்பு வந்துவிட்டது. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா செல்வி, இவ்ளோ ஜல்தியா வந்துடுச்சி! வெள்ளிக்கிழமை ரிவ்யூ மீட்டிங்காம். அதுக்குள்ள மனுவ முடிச்சாகணுமாம். மனுதாரர் திருப்தின்னு உங்கிட்ட கையெழுத்து வாங்கச் சொல்றாங்க. நாளைக்கி ஆபீசரே வர்றாரு."

இரண்டு வருஷமாக ஒரு செங்கல் நகரவில்லை. மனுவை மூட மட்டும் ஒரே நாளில் ஜீப் கிளம்புகிறது! குறை தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. குறை சொன்னவள் வாயை மூடினாளா என்பதுதான் கேள்வி. பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் மறுபடி கத்தினேன். இந்தத் தடவை செல்வி கிள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மாதா கோவில் வாசலில் ஜீப் நின்றது. அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கலாம். சிரித்த முகம், தேய்த்த வெள்ளைச் சட்டை. கூடத்துக்குள் வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார், நன்றாக வாசித்ததும் மனதாரப் பாராட்டினார். பிறகு அம்மாக்களிடம் பொறுமையாக விளக்கினார்.

"அந்தப் பக்கம் ஸ்கூல்ல வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. ஸ்மார்ட் போர்டு இருக்கு. சுத்துச்சுவர், புது டாய்லெட் எல்லாம் இருக்கு. பசங்களுக்கு நல்லதுதானேம்மா? ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"நல்லதுதாங்க சார்" என்றாள் செல்வி. "நடந்து போயி பாத்துட்டு வந்துடலாம். பசங்களும் வரட்டும். எல்லாருக்கும் புடிச்சிருந்தா அங்கியே போட்டுத் தர்றேன்."

பத்துப் பதினைந்து அம்மாக்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. யாழினியோடு இன்னும் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். சாலை ஓரம் வந்ததும் யாழினி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைத் தாண்டும்போது பெரியவர்கள் கையைப் பிடிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நின்றோம். கன்டெய்னர் லாரிகள், கல் ஏற்றிய டிப்பர்கள், புதுச்சேரி போகும் உல்லாசக் கார்கள். ஒவ்வொன்றும் போகும்போது அடிக்கிற காற்றில் பிள்ளைகளின் பாவாடையும் சட்டையும் பறந்தன. ஒரு இடைவெளி கிடைத்ததும் ஓடினோம். பாதி தூரத்தில் ஒரு பேருந்து ஒலிப்பானை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. அதிகாரி யாழினியைத் தூக்கிக்கொண்டு நடுத்திட்டில் பாய்ந்தார். அரளிச் செடிகளுக்கு நடுவே எல்லோரும் ஒண்டி நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியது, வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மறுபாதிக்கும் அதே கதை.

அந்தப் பள்ளி உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் ஸ்மார்ட் போர்டில் வந்த யானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்ததும் அதிகாரிக்குத் தெம்பு வந்துவிட்டது. "இப்ப சொல்லுங்கம்மா" என்று கோப்பைத் திறந்தார்.

"திரும்பி வீட்டுக்குப் போனாத்தானே சார் பள்ளிக்கூடம் முடியும்? போயி போட்டுக்கலாம்" என்றாள் செல்வி.

வாசலுக்கு வந்தவர் சாலையைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து ஓட்டுநரைக் கூப்பிட்டார். "வண்டிய இந்தப் பக்கம் கொண்டாந்துடு." யூ டர்ன் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜீப் வந்து நின்றதும் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

யாழினி சன்னல் அருகே போனாள். "சார், நீங்க எங்ககூட வரலியா?"

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா. நீங்க அம்மா கையைப் புடிச்சிக்கினு பத்திரமா போங்க" என்றார். வெட்கப்பட்டது போல் தெரிந்தது. வெட்கப்பட்டு என்ன பயன்? ஜீப்பில் நான்கு பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. கையெழுத்து வாங்க வேண்டும் என்ற நினைவே இல்லாமல் கிளம்பிவிட்டார். நாங்கள் மறுபடி சாலை ஓரத்தில் நின்றோம்.

புதன்கிழமை காலையில் நான் சென்னை பஸ் ஏறினேன். அந்தச் சாலையில் எத்தனையோ தடவை காரில் போயிருக்கிறேன், நல்ல ரோடு என்று மெச்சியிருக்கிறேன். தாம்பரத்தில் என் பேத்தியை வேன் வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. அவள் பள்ளிக்கு எதிரே காலையிலும் மாலையிலும் ஒரு காவலர் நின்று வண்டிகளை நிறுத்துகிறார். காசு கட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்காகப் போக்குவரத்து நிற்கும். கிளியனூர் பக்கத்துப் பிள்ளைகள்தான் போக்குவரத்துக்காக நிற்க வேண்டும் போலிருக்கிறது. இதை எந்த அரசியல் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். குறுஞ்செய்தி வந்திருக்கிறதாம், வாசித்தாள். "அலுவலர் நேரில் சென்று விளக்கம் அளித்தார். மனு முடிக்கப்பட்டது." கையெழுத்தே இல்லாமல் முடித்துவிட்டார்கள். நான் திட்டத் தொடங்கினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நிறுத்துண்ணா, திங்கக்கிழமை மறுபடி போறேன்" என்றாள் அவள். "அவரு நேர்ல வந்தாருன்னு அவங்களே எழுதிட்டாங்க இல்ல? அவரையே சாட்சியா போட்டு மனு எழுதிக்கினு இருக்கேன். போவும்போது எங்க புள்ளைங்களோட நடந்து போன சாரு, வரும்போது ஏன் நடந்து வரலன்னு அவரையே கூப்ட்டு கேளுங்கன்னு."