அவசரம் என்றால் மட்டும்

நான் வேலை பார்க்கும் தளத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. பேனா, காகிதம், கைப்பை எதுவும் கூடாது. தண்ணீர் பாட்டில்கூட உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். வாசலில் வரிசையாக இரும்பு லாக்கர்கள். எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சேர்ந்த முதல் நாள் அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ பெரிய ரகசியத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரகசியம் இதுதான். எங்கோ குளிர் நாட்டில் வீடு வாங்கக் கடன் கேட்கிறவர்களின் காகிதங்கள், தஞ்சாவூரில் எங்கள் திரைக்கு வரும். சம்பளச் சான்று இருக்கிறதா, முகவரி சரியா, எங்காவது கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, இந்த ஆளால் கம்பெனிக்கு ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நிறுவனம் மிகப் பெரியது. கடன் கேட்கிறவர்களின் சொந்த விஷயம் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. அதனால்தான் ஃபோனுக்குத் தடை.

எங்கள் ஊரில் யாருக்கும் இதைப் புரியவைக்க முடிந்ததில்லை. ஒரத்தநாட்டுச் சாலையில், புது ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் ஓரமாக இருக்கிறது ஊர். நான் பேங்க்கில் இருப்பதாக அது முடிவு செய்துவிட்டது. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் மொய் வைக்கப் புதுப் பத்து ரூபாய்க் கட்டு கேட்டார். “எங்க ஆபீஸ்ல பணமே கிடையாது சித்தப்பா” என்றேன். அவர் அதை அப்படியே டீக்கடையில் சொல்ல, சம்பளமாவது ஒழுங்காக வருகிறதா என்று கேட்டு வீட்டுக்கே ஆள் வந்துவிட்டது.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது மகளை என் மாமியார் பார்த்துக்கொண்டார். கணவருக்குத் திருச்சியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். மாமனார் பகலெல்லாம் வயலில். உள்ளே போய்விட்டால் எனக்கும் வெளியுலகத்துக்கும் இருக்கும் ஒரே தொடர்பு, வாசலில் செக்யூரிட்டி அக்காவின் மேசையில் இருக்கும் லேண்ட்லைன். அதையும் அவசரம் என்றால் மட்டுமே பயன்படுத்தலாம்.

மாமியாரிடம் எண்ணைக் கொடுத்தேன். “அத்தை, அவசரம்னா மட்டும் இதுக்குக் கூப்பிடுங்க.”

“எது அவசரம்?”

நியாயமான கேள்வி. படித்த பெண் இல்லையா, வகுப்பே எடுத்தேன். காய்ச்சல் என்றால் அதிக ஆபத்து, உடனே கூப்பிடலாம். சாப்பிடவில்லை என்றால் நடுத்தரம், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். கீழே விழுந்தால், அழுகிறாள் என்றால் குறைவு, அழவில்லை என்றால் அதிகம்.

“அப்ப புள்ள அழுதா நமக்கு நிம்மதியா?” என்றார் அத்தை.

“அப்படி இல்லை அத்தை...” என்று ஆரம்பித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

முதல் சில வாரங்கள் அத்தை நடுத்தரத்தை எல்லாம் அதிகத்தில் சேர்த்துக் கூப்பிட்டார். செக்யூரிட்டி அக்கா தளத்துக்குள் சத்தம் போடக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நடித்துக் காட்டுவார். வாயருகே கையைக் கொண்டுபோய்த் தலையை ஆட்டினால், சாப்பிடவில்லை. நெற்றியில் கை வைத்துக் கட்டை விரலைக் கவிழ்த்தால், காய்ச்சல் இல்லை. மகளுக்கு மலச்சிக்கல் இருந்த ஒரு வாரம், அக்கா தினமும் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். கடைசியில் ஒரு மத்தியானம் வயிற்றைத் தொட்டு, இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்தினார். நான் தட்டுவதற்கு முன்பே என் வரிசையே கை தட்டியது. உலகத்தின் ரகசியங்களைக் காக்கும் தளத்தில் என் மகளின் வயிறு மட்டும் பொதுச் சொத்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டீம் லீட் கூப்பிட்டார். என் தம்பியைவிடச் சின்னவர். மரியாதை மட்டும் அளவில்லாமல் தருவார்.

“மேம், அடுத்த மாசத்திலேர்ந்து டீமைப் பிரிக்கிறாங்க. பகல் ஷிஃப்ட்ல ஒரே சீட்தான் மிச்சம். மத்தவங்களுக்கு மத்தியானம் வந்து ராத்திரி பதினொண்ணு வரை. உங்களுக்கும் பக்கத்து சீட் மேமுக்கும் நடுவுலதான். யாரு சீட்டை விட்டு எழுந்திருக்காம இருக்காங்களோ அவங்களுக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்கவில்லை. நடுங்கிப்போனேன். மகள் தூங்கும் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் தூங்கியதே கிடையாது. கணவரிடம் சொன்னேன். அவர் மிக அன்பாக, “அப்படின்னா வேலைய விட்டுடேன், பாத்துக்கலாம்” என்றார். அந்த அன்புதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பக்கத்து சீட்டில் இருந்தவள் என் தோழி. கடற்கரையோர ஊர்க்காரி. கணவர் துபாயில். தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும் அவள் அம்மாவோடும் இருந்தாள். அவளுக்கு லேண்ட்லைனில் அழைப்பு வந்து நான் பார்த்ததே இல்லை.

“உனக்குப் பயமா இருக்காதா?” என்று கேட்டேன்.

“கட்டுன மாப்பிள்ளையவே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் பேசுறேன். புள்ளைங்கள சாயங்காலம் பாக்கத்தானே போறேன்? சாப்புடுடி, ஆறிப்போவுது.”

அன்றைக்கே வீட்டுக்குப் போய், “அத்தை, இனிமே கூப்பிடவே கூடாது. நெஜமான அவசரம்னா மட்டும்” என்றேன். பகல் சீட் விஷயத்தையும் சொன்னேன். அத்தை, “சரிம்மா” என்றார். சொன்னபடி நடந்தும்கொண்டார். லேண்ட்லைன் அடங்கிப்போனது.

அந்த நிசப்தத்தை என்னால் ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை.

டீக்கு எழுந்தபோது, செக்யூரிட்டி அக்காவிடம் வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொன்னேன். “சும்மாதான் அத்தை” என்றேன். பிறகு கைகழுவப் போகிற வழியில் ஒரு சும்மா. சாப்பிட்டபின் ஒரு சும்மா. அத்தை கூப்பிட்டதால் எழுந்த தடவைகளைவிட, அத்தை கூப்பிடாததால் நான் எழுந்த தடவைகள் அதிகமாகிவிட்டன. டீம் லீட் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். நான் வயிற்று உபாதை போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

அந்த வாரம் பார்த்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஊருக்கே சந்தோஷம். நாற்றங்காலுக்கு ஆள் பேசுவதும் டிராக்டர் சொல்வதுமாக அலைந்தார்கள். எங்கள் கொல்லைக் கதவிலிருந்து பார்த்தால் வாய்க்கால் தெரியும். மகள் நடக்கக் கற்றிருந்தாள். கணவர் கொல்லையில் மூங்கில் படல் வைத்துக் கயிற்றால் கட்டினார். அந்த முடிச்சை நான் தினமும் காலையில் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். பஸ் ஸ்டாப் தாண்டியதும் சரியாக இழுத்தேனா என்று சந்தேகம் வரும்.

ஒரு நாள் முற்பகலில் போன் போட்டால், அத்தை எடுக்கவில்லை. செக்யூரிட்டி அக்கா மறுபடி போட்டார். மறுபடியும் எடுக்கவில்லை. “கொல்லப்பக்கம் எங்கனா இருப்பாங்க மேடம்” என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. கொல்லை.

யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். கம்ப்யூட்டரைப் பூட்டவில்லை. ஏதோ குளிர் நாட்டுக் குடும்பத்தின் மொத்த வரலாறும் திரையில் திறந்து கிடந்தது. லாக்கரிலிருந்து ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன். ஹெல்மெட்டை எடுத்தேன், தாடையில் பட்டையைக்கூட மாட்டினேன். ஃபோனை மட்டும் லாக்கரிலேயே விட்டுவிட்டேன். உயிர் போகிற நேரத்திலும் போலீஸ்காரர் சொன்னதைச் செய்கிற பெண் நான்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர், சாலையோடு கூடவே ஓடி வந்தது. அதைப் பார்க்காமல் ஓட்ட முயன்றேன். பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். வயலில் நின்ற யாரோ, “என்னம்மா, இன்னைக்கு பேங்க் லீவா?” என்று கத்தினார்கள்.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கொல்லைக்கு ஓடினேன். படல் கட்டியபடி இருந்தது. கணவர் போட்ட முடிச்சுக்கு மேல் அத்தையின் பழைய புடவைக் கிழிசலால் இன்னொரு முடிச்சு. கிணற்றடியில் அலுமினிய அன்னக்கூடையில் உட்கார்ந்து மகள் குளித்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டோடு வந்து நின்ற என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள்.

அத்தை திரும்பிப் பார்த்தார். “அழுதா குறைவுதானே?” என்றார்.

நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன், “ஃபோன் எங்க அத்தை?”

“அரிசி டிரம்ல.”

“அதுல ஏன் போட்டீங்க?”

“ஒங்க ஆபீஸ்ல வெறும் பேப்பரப் பாக்குறதுக்கே ஃபோன் கூடாதுங்குறாங்க. நான் புள்ளயப் பாக்குறேன், எனக்கு மட்டும் எதுக்கு?” சொம்பில் மொண்டு மகளின் முதுகில் ஊற்றினார். குரலில் கோபம் இருந்தது. “நீ கூப்புடுறப்பல்லாம் நான் உள்ள ஓடுறேன். சும்மாதான் அத்தைங்குற. திரும்பி வந்து பாத்தா இவ படல்ல நின்னு கயித்த இழுத்துகிட்டிருக்கா. நேத்தும் அதான், முந்தாநேத்தும் அதான். தண்ணி வந்துருக்குல்ல?”

 நான் எத்தனையோ ஆபத்துகளுக்குப் பயந்தேன்; ஆனால் மகளைப் படல்வரை அனுப்பியது என்னுடைய சும்மாக்கள்தான்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது செக்யூரிட்டி அக்கா எழுந்தே நின்றுவிட்டார். “புள்ள நல்லாருக்கா? ஒங்க நம்பருக்கு அடிச்சா லாக்கருக்குள்ள மணி கேக்குது மேடம்! ஒங்க வீட்டு சாருக்குச் சொல்லி, அவரும் அடிக்க, அதுவும் உள்ள அடிக்குது!” என் கணவர் ஊருக்குக் கிளம்பித் திருச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டுத் திரும்பிப் போகச் சொன்னேன். அவர், “ஒரு டீயாவது குடிச்சுட்டுப் போறேன்” என்றார்.

என் கம்ப்யூட்டர் பூட்டியிருந்தது. தோழிதான் எட்டிப் பூட்டியிருக்கிறாள். இன்னொருவர் கீபோர்டைத் தொடுவதும் எங்கள் தளத்தில் தப்பு. அவள் எல்லோர் முன்னாலும் கையை உயர்த்தி, “நான் பூட்டுறேன், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பூட்டினாளாம்.

டீம் லீட் கேட்டார், “என்ன மேம் அவசரம்?”

“ஃபோன் எடுக்கலைங்க.”

“யாரு?”

“எங்க அத்தை.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லைங்க. குளிச்சுகிட்டிருந்தாங்க. குழந்தை.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தண்ணி குடிங்க மேம்” என்றார்.

பகல் சீட் தோழிக்குப் போனது. “ஒனக்கு வேணும்னா நான் பேசிப் பாக்கவா?” என்று அவள் கேட்டாள். “சேச்சே, வேணாம்” என்று உடனே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். ஊர் வந்து சேரும் வரை, ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது மத்தியானம்தான் கிளம்புகிறேன். மகள் ராத்திரி அத்தையின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாளாம். அதைக் கேட்ட அன்று அழுதேன். வேலையை விடவில்லை. காலை நேரம் முழுக்க அவள் என்னோடு. அத்தை நடவுக்குப் போய்விடுகிறார்.

நானும் ஃபோனை அரிசி டிரம்மில் போட்டுவிடுவதாக முடிவு செய்தேன். முதல் நாளே, மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அரிசிக்குள்ளிருந்து மணி அடித்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஓடி, முழங்கை வரை அரிசிக்குள் விட்டு எடுத்தேன். அத்தை.

“என்ன அத்தை?”

“ஒண்ணுமில்ல, சும்மாதான். சாப்புட்டாளா?”

“அவசரமா அத்தை?”

அந்தப் பக்கம் நடவுப் பெண்கள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தை கொஞ்சம் யோசித்தார்.

“நடுத்தரம்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தட்டு மட்டும்தான் இருந்தது. கொல்லையில் மகள் வாயில் இட்லியோடு படலைப் பிடித்துக்கொண்டு நின்று, புடவை முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். “வைங்க அத்தை” என்று ஃபோனை அரிசிக்குள் எறிந்துவிட்டு ஓடினேன்.