ராத்திரியைப் பார்க்கச் சொன்னவர்

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்வது என் தொழில். பழைய மானிட்டர் மங்கிப்போனதால் சிவகாசியில் ஒரு கடைக்குப் போனேன். வரிசையாகப் புது மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே வாணவேடிக்கைப் படம். எனக்குக் கை பரபரத்தது. இருப்பதிலேயே அதிகம் மின்னிய ஒன்றைத் தொட்டு, "இதையே பேக் பண்ணிருங்க" என்றேன்.

"அவசரப்படாதீக தங்கச்சி" என்றார் பக்கத்தில் நின்றவர். அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர் என்பதை நகக்கண்ணில் ஊறியிருந்த சிவப்பு மையே சொன்னது. எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். "வெடியப் பாக்காதீக. ராத்திரி கருப்பா இருக்கான்னு பாருங்க."

பார்த்தேன். நான் தொட்டதில் வானம் சாம்பல் பூத்திருந்தது. ஓரத்தில் இருந்த இன்னொன்றில்தான் ராத்திரி ராத்திரியாக இருந்தது; புகைகூடத் தனியாகத் தெரிந்தது. "யம்மாடி!" என்று கத்தியேவிட்டேன்.

திரையின் கருப்போடு ஒத்துப்பார்க்க அவர் பையிலிருந்து ஒரு ராக்கெட் லேபிளை எடுத்தார். "நம்ம மிஷின்ல ஓடுனதுதான்."

"அண்ணே, அது நான் பண்ணுன டிசைன்!"

லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க இந்த மானிட்டரத்தான் வாங்கணும்" என்று சிரித்தார். பெருமையோடு வாங்கி வந்தேன்.

வீட்டில் முதல் வேலையாக அதே லேபிளைத் திறந்தேன். கருவானத்தின் நடுவே ஒரு எழுத்தை மறைக்க நான் ஒட்டுப்போட்ட இடம், பழைய மானிட்டரில் தெரியாதது, சாம்பல் நிறச் சதுரமாகப் பல்லிளித்தது. இரண்டு தீபாவளி சீசனுக்கு அப்படியே அச்சாகியிருக்கிறது.

இப்போதெல்லாம் லேபிளை அனுப்புமுன் நானும் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன்.