படகுக்குப் போட்ட இரும்புக் கூரை

வடிவேலு நெய்னா முகம்மதுக்கு நாலாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தார். மீன்பிடிப் படகு வாங்கிய கடன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, வெல்டிங் கற்று, சிங்கப்பூர் உட்லண்ட்சில் கைக்காசில் வீடு வாங்கி, தைப்பூசத்துக்கு எத்தனையோ காவடிகளுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்த மனிதர். ஆயுளில் இதுதான் முதல் கடன். கூரை போட்டுத் தந்தால் அந்தப் படகை ஏழாயிரத்துக்கு வாங்கிக்கொள்வதாகச் சுஜீந்திரன் என்ற வங்கி ஊழியர் சொல்லியிருந்தார். வந்ததும் அடைத்துவிடலாம்.

கிராஞ்சிக் கடற்கரையில் மூன்று வாரம் வேலை நடந்தது. இரும்புக் குழாயில் நாலு கால், மேலே தகடு, அதற்கும் மேலே ஐஸ் பெட்டி.

நெய்னா வந்து பார்த்தார். "அண்ணே, உசரத்துல இவ்ளோ பாரமா? துணிப் பந்தல் போதும் லா."

"பாய், நாப்பது கிலோ காவடியத் தூக்கிட்டு மனுசன் ஆடிக்கிட்டே போறான். நான் கட்டினது ஒண்ணாவது சாஞ்சிருக்கா?"

"அங்க கீழ மனுசன் இருக்கான், காலை மாத்தி வச்சு சமாளிப்பான். படகு எந்தக் காலை மாத்தி வைக்கும்? ஆளு ஏறாம, கயித்துல கட்டியாவது ஆட்டிப் பாருங்கண்ணே."

சரி, பாய் திருப்திக்காக. சனிக்கிழமை காலை படகைத் தண்ணீரில் இறக்கிக் கயிற்றில் கட்டினார்கள்; சுஜீந்திரனும் வந்திருந்தார். நெய்னா படகின் விளிம்பை ஒரு கையால் அழுத்திவிட்டார். படகு சாய்ந்தது. திரும்பி நிமிர வேண்டியது, நிமிரவில்லை. சாய்ந்துகொண்டே போனது. வடிவேலு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரு டன் இரும்பை நெம்பி நகர்த்தியவர்தான். கால் வழுக்கியதே தவிர, படகு ஒரு அங்குலம்கூட நிமிரவில்லை. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, இதுல என் பிள்ளைகள ஏத்த முடியாது," என்றார் சுஜீந்திரன். "கூரைய வெட்டி எடுத்துட்டுக் கொடுங்க. மூவாயிரம்."

வடிவேலு வெட்டும் கருவியை எடுத்தார். தான் ஒட்டவைத்த ஒவ்வொரு கூரைக்காலையும் தானே அறுத்தார்.

மீதி ஆயிரத்துக்கு எங்கே போவது? அவர் யாரிடமும் கேட்கவில்லை. மனைவி ரத்தினம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் பூக்கட்டுபவள். அவளே நெய்னாவைக் கடைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

வடிவேலு தன் மூவாயிரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இருக்கட்டும் அண்ணி, மெதுவா குடுங்க," என்றார் நெய்னா.

"கையை நீட்டுங்க பாய்."

ஈர விரலால், பூக்கட்டிச் சேர்த்த பத்துவெள்ளித் தாள்களை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள், நூறு தாள் ஆகும்வரை.