அரைச் சாண் உயரம்

அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டவர்கள் யாரும் மரியாதைக்காகக் கூப்பிடவில்லை. பிக்கப் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கப்பலைக் கரை சேர்ப்பவர் மாதிரி சைகை காட்டுவார். அதைப் பார்த்துச் சலவைக்கூடத்துப் பெண்கள் கிண்டலாக வைத்த பெயர் அது. அவரோ அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். வண்டியின் பின் கதவில் சிவப்புப் பெயிண்டால் எழுதியும் வைத்துவிட்டார்.

வண்டி அவருடையது, வேலை சலவைக்கூடத்துடையது. காலையில் சலவைக்கூடத்து ஆட்கள் நாற்பது மூட்டையாக ஏற்றித் தருகிற, துவைத்து மடித்த விரிப்புகளோடு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்குப் போய் இறக்க வேண்டும். மாலையில் காலி வண்டியோடு போய், அழுக்கு விரிப்புகளை ஏற்றிவர வேண்டும். வண்டிக்கு இரண்டு ஆள் என்பது சலவைக்கூடத்தின் சட்டம். ஒரு ஆள் கேப்டன், இன்னொரு ஆள் அவர் மனைவி. கேப்டன் ஓட்டுவார், ரசீதில் கையெழுத்துப் போடுவார், பிறகு ஆஸ்பத்திரிக் காவலாளியின் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாட்டு நடப்பை அலசுவார். இந்த மூன்றையும் தவிர மிச்சமிருக்கிற வேலையை, அதாவது நாற்பது மூட்டையை இறக்குவதையும் நாற்பது மூட்டையை ஏற்றுவதையும், அந்த அம்மா பார்த்துக்கொள்வார். யாராவது விசாரித்தால் கேப்டன் பெரிய மனது பண்ணிச் சிரிப்பார். "வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியலயாம். கூடமாட வரா" என்பார்.

அந்த அம்மாவுக்கு நாலு மாதமாக வலது தோளில் வலி. ஆஸ்பத்திரிக்குத் தினம் இரண்டு முறை போய்வருகிற மனுஷி, வைத்தியம் பார்க்க ஒரு முறைகூட மேல் மாடி ஏறியதில்லை. ஒருநாள் அடித்தளத்து வழியாகப் போன பிசியோதெரபிஸ்ட் பெண்தான், இவர் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து நின்று, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். தோளுக்கு மேல் கனம் தூக்கவே கூடாது, உள்ளே இருக்கிற தசைநார் அறுந்துவிட்டால் அப்புறம் அந்தக் கை தலை சீவக்கூட உதவாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாப்பாட்டு வேளையில் அம்மா இதை வீட்டில் சொன்னார். கேப்டன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப தோளுக்குக் கீழயே தூக்கு" என்று ஒரே வார்த்தையில் வைத்தியத்தை முடித்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் வண்டியின் டயர் நான்கும் வழுக்கையாகி நின்றன. டயர் தேய்ந்தால் அதே அளவில் புது டயர் வாங்கிப் போடுவது உலக வழக்கம். கேப்டனும் அதற்குத்தான் கிளம்பினார். நடுவில் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு உயரமான வண்டி வந்து நின்றது. அதன் கண்ணாடி இறங்கியது. மனைவியின் தம்பி எட்டிப் பார்த்து, "யாரு கீழ, நம்ம மச்சானா?" என்று கேட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் பறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் 'கீழ' என்கிற வார்த்தை கேப்டனின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

டயர்க்கடைக்காரர் ஆளைப் பார்த்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிடுகிற வகை. கேப்டன் வாய் திறப்பதற்குள், "அதே சைஸா, இல்ல கொஞ்சம் கம்பீரமாவா?" என்று கேட்டார். அதே சைஸ் என்பது ஏதோ கையாலாகாதவர்கள் வாங்குவது போல அவர் சொன்ன தோரணையில் கேப்டனின் நாக்கு ஒட்டிக்கொண்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தார். மூன்று வாரம் யோசித்தார்.

அந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற எண்களில் முதல் எண் அகலம், அடுத்தது உயர விகிதம், கடைசி எண் உள்வளையம் என்று அவர் கற்றுக்கொண்டு, அதைத் தட்டில் சோற்றைப் பிரித்து விளக்கிக் காட்டினார். கைபேசியில் யாரோ ஒருவர் மலைப்பாதையில் பெரிய டயரை ஓட்டிக் காட்டுகிற வீடியோவை, மலையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, பதினெட்டு முறை பார்த்தார். சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று தெருவில் குப்புறப் படுத்து அளந்தார். சலவைக்கூடத்து மேற்பார்வையாளரிடம் கருத்துக் கேட்டார். காவலாளியிடம் கேட்டார். பக்கத்து வீட்டில் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரிடமும் கேட்டார். கேட்காத ஆள் ஒருவர்தான்.

கேட்காமலே அந்த அம்மா வாய் திறந்தார்.

"ஏத்த இறக்க உயரமா போயிடாதா?"

கேப்டன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், மீட்டர் நாற்பது காட்டும்போதே நாற்பத்துமூன்றில் ஓடும், குழியில் இறங்கினால் குலுங்காது என்று அரை மணி நேரம் விளக்கினார். கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. கேள்வி கேட்டவருக்கு அது தெரிந்தது, பதில் சொன்னவருக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கேப்டன் உண்மையாகவே ஜாக்கிரதையாக இருந்தார். ஆஸ்பத்திரி அடித்தளத்துக்கு இறங்குகிற சரிவின் வாயில் ஒரு கான்கிரீட் உத்திரம் இருக்கிறது. வண்டியின் மேல் படுதா போட இரும்புச் சட்டம் உண்டு. சட்டம் உத்திரத்தில் இடித்தால் பிழைப்பு போய்விடும். அந்த வீடியோக்காரரோ, எதை அளந்தாலும் வண்டியில் பாரம் ஏற்றி அளக்க வேண்டும், காலி வண்டியை அளப்பவன் முட்டாள் என்று அடித்துச் சொல்லியிருந்தார். சக்கரம் மேல் வளைவில் உரசுமா என்று பார்ப்பதற்காக அவர் சொன்னது அது. கேப்டன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். டயரை மாட்டி, உரசாமல் இருக்கப் பின்பக்கம் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் வில்லில் ஒரு பட்டையும் கூட்டி, நாற்பது மூட்டையையும் ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தார். உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. வண்டி மொத்தத்தில் அரைச் சாண் உயர்ந்திருந்தது. கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அவர் ஊர்வலம் போகிற மாதிரி ஓட்டிப்போனார். சிக்னலில் மைத்துனரைத் தேடினார், கிடைக்கவில்லை. திருப்பத்தில் டயர் எங்கோ உரசி முனகியதற்கு, "ரோட்டைக் கவ்வுது" என்று விளக்கம் சொன்னார். உத்திரத்துக்கு அடியில் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியபோது காவலாளியைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த அம்மா மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளுவண்டியில் இறக்கினார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. கேப்டன் காவலாளி அறையில் டயர் மகிமை பேசிக்கொண்டிருந்ததால் அது அவருக்குத் தெரியாது.

வெளியேறும்போதுதான் சட்டம் உத்திரத்தில் டங்கென்று முட்டியது.

நாற்பது மூட்டை இறங்கியதும் வில்கள் நிமிர்ந்துவிட்டன. உள்ளே போன வண்டி வேறு, வெளியே வர நிற்கிற வண்டி வேறு. கேப்டன் இறங்கிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், உத்திரத்தை யாராவது இறக்கிவிட்டார்களா என்பது போலக் காவலாளியையும் பார்த்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சமையலறை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் பிணவறை வண்டி. அதன் ஓட்டுநர் மட்டும், தனக்கு ஒன்றும் அவசரமில்லை, தன் ஆளுக்கும் இல்லை என்று ஆறுதல் சொன்னார்.

டயரில் காற்றை இறக்கினால் வண்டி தாழ்ந்துவிடும் என்றார் காவலாளி. கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள்கூட ஆகாத டயரின் காற்றைப் பிடுங்குவதா? அவருக்கு வேறு யோசனை இருந்தது. மனைவி பக்கம் திரும்பினார்.

"மூட்டைய எல்லாம் திரும்ப ஏத்து. வண்டி இறங்கிடும். வெளிய போய் இறக்கிட்டு, தள்ளுவண்டியில உள்ள கொண்டாந்துடலாம்."

சுற்றி நின்றவர்கள் அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், எழுந்திருக்கவில்லை. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கேப்டன் வேறு வழியில்லாமல் மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் வால்வையும் குச்சியால் அமுக்கிக் காற்றை விட்டார். கம்பீரம் உஸ்ஸென்று இறங்கியது. வண்டி நொண்டிக்கொண்டு வெளியே வந்தது.

இத்தோடு வேறொரு மனிதன் பழைய டயருக்கே போயிருப்பான். கேப்டன் அப்படிப்பட்டவர் இல்லை. மதியமே வெல்டிங் கடைக்குப் போய், மேல் சட்டத்தை அரைச் சாண் வெட்டிக் குறைத்தார். அதாவது டயரைக் காப்பாற்றுவதற்காகக் கூரையை வெட்டினார். மாலையில் காலி வண்டி உத்திரத்துக்கு அடியில் தாராளமாக நுழைந்தது. கேப்டன் காவலாளி அறைக்குப் போய், காலையில் தான் சமயோசிதமாகக் காற்றை இறக்கி ஆஸ்பத்திரியையே காப்பாற்றிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே அழுக்கு மூட்டைகள் ஈரத்தோடு கனத்துக் கிடந்தன. அந்த அம்மா அரைச் சாண் கூடுதல் உயரத்துக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தோராவது மூட்டையில் தோளுக்குள் என்னவோ பிசகியது. மீதி ஒன்பதை இடது கையாலும் முட்டியாலும் ஏற்றி முடித்தார். எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதே ஆத்திரம் வருகிறது, அந்த அம்மாவுக்கு எப்படி வராமல் போனது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தக் கை மேலே வரவில்லை. அம்மா படுக்கையில் உட்கார்ந்தபடியே சொன்னார், தான் இன்றைக்கு ஆஸ்பத்திரி மேல் மாடியில் டாக்டரைப் பார்க்கப் போவதாகவும், வண்டியில் வரப்போவதில்லை என்றும். கேப்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடமாட வருகிறவர் ஒரு நாள் வராவிட்டால் என்ன? மேற்பார்வையாளர் ஒரே நாள் பொறுப்பதாகவும், மறுநாள் இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அதற்கும் கேப்டன் தலையாட்டினார்.

காலையில் இறக்கும்போது பத்தாவது மூட்டையோடு அவருடைய பேச்சு நின்றது. மாலையில் ஏற்றும்போது ஐந்தாவது மூட்டையிலேயே நாக்கு தள்ளிவிட்டது. அவர் அந்த அம்மாவைவிட ஒரு அடி உயரம். அப்படியும் ஈர மூட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, விளிம்பைத் தாண்டி உள்ளே உருட்டுவதற்குள் இடுப்பு கழன்றது. பன்னிரண்டாவது மூட்டை நழுவி அவர் மேலேயே விழுந்தது. காவலாளி நாற்காலியைத் தூசி தட்டிவிட்டு, வந்து உட்காரும்படி கூப்பிட்டார். கேப்டன் போகவில்லை. நாற்பதும் ஏறி முடிவதற்குள் அவர் மூன்று முறை தரையில் உட்கார்ந்து எழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மா கையைத் துணித் தூளியில் கட்டித் தொங்கவிட்டபடி அடுப்படியில் நின்றிருந்தார். தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். கனம் தூக்குவதை மறந்துவிடச் சொன்னாராம் டாக்டர். கேப்டன் நாற்காலியில் விழுந்தார். தண்ணீர் டம்ளரைத் தூக்கினார், தோள் எழும்பாமல் பாதி சட்டையில் கொட்டியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த உணர்வு அவருக்குப் பழக்கமில்லாததால், அதை என்ன செய்வது என்று தெரியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயரம் கொஞ்சம் அதிகந்தான்" என்றார் கடைசியில். "நாளைக்கே கழட்டிடறேன். பழைய சைஸே போட்டுடறேன். தோள் சரியானதும் நீ முன்னாடி மாதிரி ஏத்தலாம்."

அந்த அம்மா அடுப்பை அணைத்தார்.

"பழைய டயர்லயும் எனக்கு எட்டினதில்லீங்க. பதினோரு வருசமா நுனிக்கால்ல நின்னுதான் ஏத்தினேன்."

கேப்டன் அதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.