தங்கத்துக்கு நான் கொடுத்த தண்ணீர் ஊழியம்

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம், ஆடி மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், எனக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் பல் தந்தியடித்தது. வலது தொடை இடுக்கில் நெறி கட்டி, அங்கிருந்து கணுக்கால்வரை சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, கால் மட்டும் செருப்புக்குள் போகவில்லை. மழைத்தண்ணீரில் நடந்ததால் வந்த வீக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். எங்கள் கொச்சங்காடியில் அந்தக் காலோடு நடப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். நாம் யானைக்கால் என்கிறோம், மலையாளத்தில் மந்து. சாக்கடைக் கொசு கடித்து உடம்பில் புழு ஏறி வருவது. அந்தக் கொசு எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் சங்கத் தலைவியைக் கடிக்காது என்று நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். பரிசுத்தமாக வாழ்கிறவளை இப்படிப்பட்ட சீக்கு அண்டாது என்று கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன்.

மூன்றாவது தடவை காய்ச்சல் வந்தபோதுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால், ஊர் அடங்கிய பிறகு வரச்சொல்லி விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். யார் கண்ணிலும் படாமல் போய்வர முடிந்ததே என்று அதற்குக்கூட நன்றி சொன்னேன்.

டாக்டர் மலையாளி. எனக்காகத் தமிழைக் கலந்து பேசினார். “மந்துதான். பேடிக்க வேண்டா, பயம் இல்ல. குளிகை தரேன், புழு சாகும்.”

“கால் பழையபடி ஆகுமா டாக்டர்?”

“முழுசா ஆகாது. நிணநீர்க் குழாய், உடம்புல ஊறுற நீர் வடியற சின்னக் குழாய், கேடாயிருச்சு. வீக்கம் கூடாமப் பாத்துக்கலாம். தினமும் சோப்புப் போட்டுக் கழுவணும், விரலிடுக்கில ஈரம் நிக்கக்கூடாது.”

என் கணவர் இஞ்சிக் கிடங்கில் மேஸ்திரி. வீட்டுக்கு வந்ததும், “சபையில சொல்லி ஜெபிக்கச் சொல்லுவோமா?” என்று கேட்டார். நான் அவர்மேல் பாய்ந்தேன். அன்றிலிருந்து சேலையைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டினேன்.

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பதைச் சொல்ல, தங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் எங்கள் சபைதான், பக்கத்துச் சுள்ளிக்கல்லில் இருந்தாள். தோப்பும்படியில் இறால் உரிக்கும் வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் வேதாகமத்தை மலையாளத்தில்தான் வாசிப்பாள். அவளுக்கு இடது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது.

எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று, திரைக்கு அந்தப்பக்கம் ஆண்களும் இந்தப்பக்கம் பெண்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவியதன் நினைவாக. யாருக்கு யார் ஜோடி என்று பெண்களுக்குப் பட்டியல் எழுதுவது நான். நாலு வருடமாக அதில் தங்கத்தின் பெயரை நான் எழுதவில்லை. பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் என்று எனக்குள் ஒரு நியாயம். அவளிடம், “உனக்குத் தண்ணீர் ஊழியம், ஒவ்வொரு ஜோடிக்கும் நீதான் ஊத்தணும். எல்லாருக்கும் கிடைக்காது” என்றேன். அவள் அதை நம்பினாள். ஒவ்வொரு வருடமும் அதற்கென்று உபவாசம் இருந்து, குடத்தைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தாள்.

கால் வீங்கியபின் வந்த முதல் பெரிய வியாழனுக்கு என் காலை நீட்ட முடியாதே. எனவே தண்ணீர் ஊழியத்தை நானே எடுத்துக்கொண்டேன். தங்கத்திடம், “இந்த வருஷம் நீ ஓய்வெடு” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “ஞான் எதாச்சும் தப்பு செஞ்சேனா அக்கா?”

“தப்பு ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

வியாழன் அன்று ஆராதனை நடுவே குளிர் தொடங்கியது. இரண்டாவது ஜோடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது குடத்தோடு விழுந்தேன். பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் என்னைத் தாங்கியவள் கடைசி பெஞ்சில் இருந்த தங்கம்தான். விழுந்த வேகத்தில் சேலை விலகியிருந்தது. அவள் என் காலைப் பார்த்தாள், சட்டென்று சேலையை இழுத்து மூடினாள், மற்றவர்களிடம், “காய்ச்சலாக்கும், காத்து விடுங்க” என்றாள். ரிக்‌ஷாவில் என்னை வீடு சேர்த்தாள்.

மறுநாள் பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வந்தாள், அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் என் காலை வைத்து, சோப்பை நுரைத்து, ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்கச் சொல்லிக்கொடுத்தாள். தொட்டால் வலிக்குமென்று ஊதி ஊதித் துடைத்தாள். காய்ச்சலைவிட அது தாங்க முடியவில்லை. எட்டாம் நாள் வாய் திறந்தேன்.

“தங்கம், தண்ணீர் ஊழியம்னு ஒண்ணு கிடையாது. உன் காலை யாரும் தொட வேண்டாம்னுதான் அப்படிச் சொன்னேன். நானாத்தான் செஞ்சேன். போதகருக்குத் தெரியாது.”

அவள் கை நின்றது. “நாலு கொல்லமும்?”

“நாலு வருஷமும்.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சோப்பு நுரையோடு என் கால் அப்படியே இருந்தது. நானே குனிந்து கழுவினேன். அதுவரை அந்தக் காலை நான் சரியாகத் தொட்டதுகூட இல்லை.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வாசலில் நின்று, “மன்னிச்சிட்டேன்னு நெனைக்க வேண்டா அக்கா. அது இன்னும் எனக்கு ஆகல. ஈரம் நின்னா கால் புண்ணாகும், அதுக்கு வந்தேன்” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

கிறிஸ்தவள் என்ற பெயரை என் ஜெபத்தாலும் ஒழுக்கத்தாலும் வாங்கியதாக எண்ணியிருந்தேன். அந்தப் பெயரும் பரிசுத்தமும் எனக்கு இனாமாக வந்தவை. இனாமாக வாங்கியதை வைத்துக்கொண்டு வாசலில் காவல் நின்றிருக்கிறேன். கிருபை கிருபை என்று நூறு தடவை பேசியவளுக்கு, இன்னும் மன்னிக்காத ஒருத்தி கையில் சோப்போடு வந்து உட்கார்ந்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது.

உங்களில் யாருக்காவது கால் வீங்கத் தொடங்கியிருந்தால் மறைக்காதீர்கள். சீக்கிரம் போனால் கால் பெருக்காமல் காக்கலாம். நான் மறைத்த மாதங்களின் வீக்கம் இன்றைக்கும் வடியவில்லை. முன்பு காலையில் எழுந்ததும் அன்றைக்கு யாரைத் திருத்தலாம் என்று யோசிப்பேன். இப்போது காலைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லையென்றால் நாள் தொடங்குகிறது. மெதுவாக நடப்பதால் எதிரே வருகிறவர்களின் முகம் தெரிகிறது.

அடுத்த பெரிய வியாழனுக்கு முன் சபைப் பெண்களிடம் எல்லாவற்றையும் சொல்லி, பட்டியலை வேறொருத்தியிடம் கொடுத்தேன். அவள் தங்கத்தையும் என்னையும் ஜோடியாக எழுதினாள். தங்கத்தின் காலை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீர்ச் சருவத்தில் வைத்தேன்.

“கனமாயிருக்கா அக்கா?”

“இருக்கு.”

“பதினாறு கொல்லமா ஞான் ஒத்தைக்குச் சுமந்தது” என்றாள். காலை என் கையிலிருந்து எடுக்கவில்லை.