வெள்ளைப் பூ எடுத்த கை

கோச்சடையில் வாழும் ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து, அருகிவரும் உயிரினங்களைக் காக்க எங்களால் இயன்றதைச் செய்துவந்தோம். மிஷன் பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்குத் தேவாங்கின் மீது தனிப்பற்று. கப்பலூர்த் தொழிற்கூடம் ஒன்றின் உரிமையாளர் ஒரே ஒருமுறை நன்கொடை தர இசைந்தார். அது ஒரு பணிக்கே போதுமானது.

நகருக்கு மேற்கே ஒரு கண்மாய். அதனுள் நிற்கும் கருவேல மரங்களில் பாம்புத்தாராக்கள் கூடு கட்டும். அம்மரங்களை ஊரார் விறகுக்காக ஏலம் விடவிருந்தனர். ஏலத்தில் வரக்கூடிய தொகையை நாங்கள் கொடுத்தால் மரங்கள் நிற்கும். கரையை ஒட்டிய புதர்க்காட்டில் தேவாங்குகள். நாங்கள் குத்தகைக்கு எடுக்காவிட்டால் அதை வெட்டிச் செங்கல் சூளைக்கு விடுவதாக நிலத்துக்குரிய விவசாயி சொல்லியிருந்தார். பணத்தைப் பிரித்தால் இரண்டுமே கைகூடா. பறவைக்கு இருவர், தேவாங்குக்கு இருவர் என நின்று, பல மாலைகள் வாதிட்டும் முடிவு எட்டவில்லை.

ஊர் வழக்கப்படி பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார் விவசாயி. பறவைக்கு வெள்ளைப் பூ, தேவாங்குக்குச் சிவப்பு. இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். அனைவரும் உடன்பட்டோம். ஆனால் எடுக்கும்படி என்னைப் பணித்தபோது, ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் நான் தயங்கினேன்.

"டீச்சரே எடுக்கட்டும். எங்க ஆளு எடுத்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்," என்றார் அவர். "உங்க சாமி கோவிச்சுக்கிட்டா எங்க சாமி பேசிக்கிடும்."

சிரிப்புக்கிடையே ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

ஊர்ப்பொதுவில் பணத்தை ஒப்படைத்துவிட்டுத் திரும்புகையில், புதர்க்காட்டின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே நடந்தேன். உடன் வந்த விவசாயி அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன டீச்சர், மூஞ்சி இம்புட்டு வாடிப்போச்சு?"

"என் கையாலயே அதுக வீட்ட விட்டுக் குடுத்துட்டேண்ணே."

அவர் நின்று புதர்க்காட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமி பறவையக் காப்பாத்தச் சொல்லுச்சு, தேவாங்க வெரட்டச் சொல்லலையே. சூளைக்கு ரோட்டுப்பக்கம் போதும். கரையோரம் அப்படியே கெடக்கட்டும். காலையில அது மூஞ்சில முழிச்சா ஆகாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாக. விடியக்காலம் நான் அந்தப் பக்கம் போகாம இருந்துக்கிறேன்."

அவர் அதற்கு ஈடாக எதையும் கேட்கவில்லை.

சென்ற வாரம் அந்திப்பொழுதில் அங்குப் போயிருந்தேன். சாலையோரம் சூளை புகைந்துகொண்டிருந்தது. கண்மாய் மரங்களில் பாம்புத்தாராக்கள் சிறகு உலர்த்தின. இருள் கவியத் தொடங்கியதும், கரையோரப் புதரில் இரு வட்டக்கண்கள் என்னைப் பார்த்தன. அதைச் சொல்வதற்கு அப்போதே விவசாயியின் வீட்டுக்கு நடந்தேன். அவர் மனைவியின் மனம் கோணாதிருக்க, அந்த வீட்டில் தேவாங்கைப் பற்றி மாலையில் மட்டுமே பேசுகிறோம்.