பேட்டை முகாமில் முதல் நாற்காலி

பர்மிங்ஹாம் சந்தையில் மீன்கடைக்கும் உருளைக்கிழங்குக் கடைக்கும் நடுவே மேசை போட்டு, பால்வினை நோய்க்கு இரத்தம் பார்க்கிறார்கள். முட்டைக்கோஸ் வாங்கி வருகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை நானும் உட்கார்ந்தேன். "உங்களுக்கு பார்ட்னர் உண்டா?" என்று அந்த வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். எங்கள் ஊரில் பார்ட்னர் என்றால் தொழில் கூட்டாளி. "இல்லை, முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்குத்தான் வேலை" என்றேன். அவள் சிரிக்காமல் என் விரலைத் துடைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதென்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள்.

அழுதது என் அக்கா செல்விக்காக. பேட்டையில், அத்தான் வேலை பார்த்த பட்டறைத் தெருவில், இதேபோல் பந்தல் போட்டு முகாம் நடத்தினார்கள். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்த அக்காவை நர்ஸம்மா கனிவாகக் கூப்பிட்டார். அக்கா உட்கார்ந்தும்விட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏக்கா, எந்திரி. பட்டறை ஆளுவ எல்லாம் பாக்காவ. என்ன நினைப்பாவ?"

எழுந்து வந்துவிட்டாள். அடுத்த பிள்ளை இறந்தே பிறந்தது. அதன்பிறகுதான் அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டர் இரத்தம் பார்த்து சிபிலிஸ் என்றார். முன்பே பார்த்திருந்தால் ஊசியில் தீர்ந்திருக்கும், பிள்ளையும் தங்கியிருக்கும் என்றார். அக்காவுக்கு ஊசி போட்டார்கள். அத்தான் சோதனைக்கே வரவில்லை. "இவ கொண்டாந்த சீக்கு" என்று சொல்லி அவர் வீட்டார் அவளை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சில் எனக்கு வந்த வரனும் நின்றுபோக, நான் விமானம் ஏறினேன். முகாமைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

சந்தையிலிருந்து வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நான் உன்ன இழுத்திருக்கக் கூடாதுக்கா."

"நீ இழுத்தே. நானும்லா எந்திரிச்சு வந்தேன்" என்றாள். பிறகு, "புதன்கிழமை பேட்டையில திரும்பவும் முகாம் போடுதாவளாம். மொத நாற்காலியில நான் போயி உக்காரப் போறேன்ட்டி. ஒருத்தி உக்காந்தாத்தான மத்தவளுவ வருவாளுவ" என்றாள்.

புதன்கிழமை நான் முதியோர் இல்லத்தில் வேலையில் இருக்கும்போது கைபேசிக்குப் படம் வந்தது. நர்ஸம்மா எடுத்திருக்க வேண்டும். அக்கா முகத்தை மறைக்காமல், விரலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி. பெண்கள் தெருவின் எதிர்ப்பக்கமே நின்றிருந்தார்கள். ஓரத்தில் யாரோ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் தெரிந்தது. கையுறை போட்ட விரலுக்குக் கைபேசித் திரை அசையவில்லை. ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். வயிறு தள்ளிய ஒரு பெண். பந்தலுக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால். கட்டிலிலிருந்து கிழவர் கூப்பிட்டார். உறையிட்ட கையால் அவரைத் தாங்கினேன். வெறுங்கையில் பேட்டை இருந்தது.